நடக்கப் பழகுதல்: ஓரியூர்ப் பாதைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஜனவரி கடைசி வாரம் வந்துவிட்டால் யாராவது ஒருவர் என் வாசலில் வந்து நிற்பார். போன வருடம் வந்தது வலைக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன். "டீச்சர், இந்தத் தடவை நானும் ஓரியூருக்கு நடந்து வாரேன். என்னென்ன எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டான். பழைய செருப்பு, துண்டு, தண்ணீர் என்று சொல்லி அனுப்பினேன். நடக்கிற அன்று, கிழக்கு வெளுக்கும் நேரத்தில், அவனே என் பக்கத்தில் வந்து வேறொன்று கேட்டான். "கடவுளோட நடக்கணும், கடவுளோட நடக்கணும்னு சாமியார் பிரசங்கத்துல சொல்றாரே, அது எப்படி டீச்சர்? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

இருபது வருடங்களுக்கு மேலாக வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்து எங்கள் ஊரிலிருந்து ஓரியூருக்கு நடக்கிறேன். அவன் கேட்ட இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். புதிதாக வருகிறவர்களுக்காக அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஓரியூரைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில், பாம்பாற்றங்கரையில் இருக்கும் ஊர். லிஸ்பனில் 1647இல் பிறந்து, மதுரை மறைப்பணிக்கு வந்து, காவி உடுத்திப் பண்டாரசாமியாக மறவர் சீமையில் சுற்றி நடந்த அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று இங்கேதான் தலை வெட்டப்பட்டு இறந்தார். அன்று திருநீற்றுப் புதன், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கும் நாள். அந்த இடத்து மண் சிவந்திருப்பது அவர் இரத்தத்தால்தான் என்பது எங்கள் மக்களின் நம்பிக்கை. பிப்ரவரி 4 அவருடைய திருநாள். நாங்கள் நடப்பது அதற்குத்தான்.

சொல்லைக் கவனியுங்கள்

நடை தொடங்குவதற்கு முன் ஒரு சொல்லை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: வழிபாடு. பூ, மெழுகுவர்த்தி, முழந்தாள், பாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வழி. வழிபடுதல் என்றால் ஒருவர் காட்டிய வழியிலே போவது. நடத்தை என்ற சொல்லிலும் நடைதான் இருக்கிறது. தொண்டியிலிருந்து கீழக்கரை வரைக்கும் நம்மோடு வாழும் முஸ்லிம் சொந்தங்கள் தங்கள் சமயத்தை மார்க்கம் என்கிறார்கள், அதுவும் பாதைதான். சைவர்கள் நெறி என்றார்கள். இந்தக் கரையில் கடவுளைப் பற்றிப் பேச வாயைத் திறந்த யாருக்கும் காலடியை விட்டுவிட்டுப் பேச முடிந்ததில்லை.

விவிலியத்திலும் அப்படியே. எபிரேயத்தில் நடப்பதற்கு ஹாலக் என்பார்கள். யூதர்கள் தங்கள் வாழ்க்கைக்கான சட்டங்களை ஹலாகா என்று அழைப்பது அந்த வேரிலிருந்துதான். ஏனோக்கு கடவுளோடு நடந்தார், நோவா கடவுளோடு நடந்தார் என்று தொடக்கநூல் சொல்கிறது. ஆபிரகாமுக்கு 99 வயதாகும்போது வந்த கட்டளையும் எனக்கு முன்பாக நட என்பதுதான். பவுல் கிரேக்கத்தில் எழுதியபோது நம் அன்றாட வாழ்க்கைக்குப் போட்ட சொல் பெரிபதேயோ, அதாவது சுற்றி நடப்பது. புராட்டஸ்டண்ட் சகோதரர்கள் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கலாத்தியர் 5:16இல் ஆவிக்கேற்றபடி "நடந்துகொள்ளுங்கள்" என்று அந்த நடையை விடாமல் பிடித்திருக்கிறது. நம் பொது மொழிபெயர்ப்பில் அது "வாழுங்கள்" ஆகிவிட்டது. பொருள் சரிதான். ஆனாலும் எனக்குப் பழையதுதான் பிடிக்கும். வாழுங்கள் என்றால் எங்கே தொடங்குவது என்று திகைப்பு வரும். நடந்துகொள்ளுங்கள் என்றால் ஒரு காலைத் தூக்கி வைத்தால் போதும்.

முதல் மாதம்: உங்கள் வாசலிலிருந்து 20 நிமிடம்

பிப்ரவரிக்கு நடக்க வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியிலாவது தொடங்கிவிடுங்கள். எடுத்த எடுப்பிலே 10 கிலோமீட்டர் போய்ப் பார்க்க வேண்டாம். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, 20 நிமிடம். காலை 5 மணி நல்லது. வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள். போன் வீட்டில் இருக்கட்டும். பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் இந்த ஒரு மாதம் அதை நிறுத்தி வையுங்கள்.

கிளம்பும் முன் அன்றைய விவிலிய வாசகத்திலிருந்து ஒரே ஒரு வரி. ஒரு அதிகாரம் வேண்டாம், ஒரு வரி. நடக்கும்போது அதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வாருங்கள். திரும்பி வாசலுக்கு வரும்போது, இன்றைக்கு இந்த வரியைக் காலால் எப்படிச் செய்வது என்று ஒரு சின்னக் காரியத்தை முடிவு பண்ணுங்கள். அன்று பொழுது சாய்வதற்குள் அதைச் செய்துவிட வேண்டும். நாளைக்குத் தள்ளக் கூடாது.

சின்னக் காரியம் என்றால் எவ்வளவு சின்னது? எங்களோடு நடந்த ஓர் அக்கா கூடையில் மீன் விற்கிறவர். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த வரி பொய் சொல்லாதீர்கள் என்பது. "டீச்சர், இன்னைக்கு ஒருநாள் மட்டும் ஐஸ் மீன ஐஸ் மீனுன்னே சொல்லி வித்துப் பாக்குறேன்" என்றார். மறுநாள் காலையில் பனைமரத்தடியில் நின்று கணக்குச் சொன்னார். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளியதில் அறுபது ரூபாய் போச்சாம். "போனாப் போகுது, ராத்திரி படுத்தவுடனே தூக்கம் வந்துருச்சு" என்றார். மறுநாளும் அப்படியே விற்றார். இப்போது எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நான் கீழ்ப்படிகிறேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சொல் அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

ஒரு நாள் விட்டுப்போனால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் 40 நிமிடம் நடக்காதீர்கள். மறுநாள் 20 நிமிடம், அவ்வளவுதான்.

காலை எப்படி வைப்பது

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அப்பா. எங்கள் பக்கத்து வடகடல் ஆழமில்லாத கடல். வெகுதூரம் போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர். எனக்குப் பத்து வயது இருக்கும். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நண்டு வலை பார்க்க அவரோடு இறங்கினேன். நான் துள்ளித் துள்ளிக் காலைத் தூக்கி வைத்து நடந்தேன். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"காலைத் தூக்கி வைக்காதடி ஆத்தா. இழுத்து வை. மண்ணை உரசிக்கிட்டே போகணும்."

"ஏம்ப்பா?"

"கீழ திருக்கை படுத்துக் கிடக்கும். மண்ணை மேல போட்டு மூடிக்கிட்டு. கண்ணுக்குத் தெரியாது. மேல மிதிச்சா வாலால அடிச்சுரும். நீ மண்ணை உரசிட்டுப் போனியானா, பக்கத்துல வர்றப்பவே அது விலகி ஓடிரும்."

சொன்னபடி உரசிக்கொண்டே நடந்தேன். பத்துப் பன்னிரண்டு அடி போனதும் என் கால்விரலுக்கு ஒரு சாண் முன்னால் மண் புகை போலக் கிளம்பியது. பழுப்பு நிறத்தில் தட்டையாக ஒன்று சிறகு விரித்துப் போயே போய்விட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் போய்க்கொண்டே இருந்தார். அவர் போன தடத்தில் தண்ணீர் கலங்கி இருந்தது. அந்தக் கலங்கல் தெளிவதற்குள் என் காலை அதில் வைத்துக்கொண்டே போனேன்.

கடவுள் சொன்னதைச் செய்வது என்று வரும்போது எனக்கு இன்றைக்கும் இந்த நடைதான் ஞாபகம் வரும். புதிதாக நம்பிக்கைக்கு வருகிறவர்கள் துள்ளித்தான் நடப்பார்கள். தபசு காலம் 40 நாளும் ஒருசந்தி நோன்பு, மூன்று மணிக்கு எழுந்து செபம், டிவியைத் தூக்கிப் பரணில் போடுவது. தப்பென்று சொல்லவில்லை. ஆனால் தரையை விட்டு உயரத் தூக்கிய காலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. முன்கோபம், பொறாமை, பழைய கடன் எல்லாம் மண்ணை மேலே போட்டுக்கொண்டு அடியில்தான் கிடக்கும். ஒரேயடியாகத் தாண்டி வைத்தால் அதன் மேலேயே மிதிப்போம். அன்றாட வேலைகளை உரசிக்கொண்டு மெல்லப் போகிறவர்களுக்கு அது முன்கூட்டியே கிளம்பி ஓடும். ஓடுவது கண்ணுக்கும் தெரியும்.

(கடலில் இறங்குகிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். திருக்கை முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி குறையும். முள் உள்ளே ஒடிந்து நின்றால் நீங்களாகப் பிடுங்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.)

மூட்டை

மாற்கு 6ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களை இருவர் இருவராக அனுப்பும்போது கைத்தடி எடுத்துக்கொள்ளலாம், மிதியடி போட்டுக்கொள்ளலாம். உணவு, பை, இடைக்கச்சையில் காசு எதுவும் வேண்டாம் என்கிறார். நமக்கு அவ்வளவு துணிச்சல் வராது. ஒரு தோள்பை போதும். அதில் ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கட்டி கருப்பட்டி, கைப்பிடி வறுகடலை, ஒரு துண்டு, டார்ச், பஞ்சும் பிளாஸ்திரியும், தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் புட்டியில். உப்புக் காற்றில் நடக்கும்போது தாகம் அதிகம் எடுக்கும். வழியில் கூழோ நீராகாரமோ கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிக் குடியுங்கள்.

செருப்பு புதிதாக வாங்காதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. திருநாளுக்குப் புதுச் சட்டை போடலாம், புதுச் செருப்பு கூடவே கூடாது. ஆறு மாதமாவது உங்கள் காலுக்குப் பழகியதுதான் வேண்டும். கிளம்பும் முன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் எண்ணெய் தடவுங்கள். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள், அதன் மேல் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டு நடங்கள்.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆரோக்கியமானவர்கள் என்றால் அவரவர் விருப்பம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் தயவுசெய்து அப்படி வராதீர்கள். இந்தப் பக்கம் முழுக்க உடைமுள்ளும் நெருஞ்சியும். சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருக்கும், முள் ஏறியதே தெரியாமல் நடப்பீர்கள். அந்தப் புண் ஆறுவது கஷ்டம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மூடிய செருப்போடு வாருங்கள், ராத்திரி படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். நேர்த்திக்கடனை வேறு விதமாகச் செலுத்தலாம். இஸ்ராயேல் மக்கள் பாலைவனத்தில் நடந்த 40 ஆண்டும் அவர்கள் கால் வீங்கவில்லை என்று இணைச்சட்டம் 8ஆம் அதிகாரம் எண்ணிச் சொல்கிறது. நடக்கச் சொன்னவர் கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக நடக்கிறோம் என்று நம் காலைக் கெடுத்துக்கொள்வதில் அவருக்கு என்ன சந்தோஷம் இருக்க முடியும்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வரிசையாக நடங்கள். இருட்டில் வெள்ளைத் துணி உடுத்துங்கள்.

யாரோடு, எந்த வேகத்தில்

தனியாக வராதீர்கள். வேகமாக நடக்கிறவர் முன்னால் போகக் கூடாது என்பது எங்கள் குழுவின் ஒரே சட்டம். மெதுவாக நடக்கிறவர்தான் முன்னால் போக வேண்டும்.

இதை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. தொடக்கநூல் 33இல் ஏசா, வா, சேர்ந்தே போவோம் என்று கூப்பிடும்போது யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளசுகள், ஆடுமாடுகள் பால் கொடுக்கிறவை, ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும். அவர்கள் நடைக்குத் தக்கபடி நான் மெல்ல வருகிறேன் என்கிறார். முந்தின இரவு முழுக்க ஒருவரோடு மல்லுக்கட்டித் தொடைச்சந்து விலகி நொண்டிக்கொண்டு வந்தவர் அவர். நொண்டுகிறவருக்குத்தான் பின்னால் வருகிறவர்களின் கால் தெரியும் போலிருக்கிறது.

வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். உங்களுக்குக் கோவில் மேல் பக்தி கூடிவிட்டது, கணவருக்கு இன்னும் கூடவில்லை என்றால் அவரை விரட்டி ஓட்டாதீர்கள். எம்மாவுக்குப் போன இருவரோடு உயிர்த்த இயேசு அவர்கள் வேகத்தில், அதுவும் எருசலேமை விட்டு விலகிப் போகிற திசையிலேயே கூட நடந்தார். திரும்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது, அந்த ராத்திரியே அவர்களாகவே எருசலேமுக்குத் திரும்பி நடந்தார்கள்.

குறுக்கு வழி

ஒரு வருடம் நான்தான் முன்னால் போனேன். கூட 11 பேர். வெயில் ஏறிவிட்டது, சாலை வளைந்து போகிறது. எதிரே வெள்ளையாகக் காய்ந்து வெடித்த தரவைப் பொட்டல் தெரிந்தது. அதன் வழியே போனால் பாதி நேரம்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அம்மா, மேலதான் காஞ்சிருக்கு, சுத்திப் போங்க" என்று சத்தம் போட்டார். கேட்டேன். கேட்டும் இறங்கினேன்.

நூறு அடி வரைக்கும் கல் மாதிரி இருந்தது. பிறகு மேல்தோல் உடைந்து முழங்கால் வரை சேறு உள்ளே இழுத்தது. கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். என்னை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க, செருப்பு இரண்டும் அடியிலேயே போய்விட்டது. கூட வந்த ஒரு சின்னப் பெண் அழுதுவிட்டாள். வந்த தடத்திலேயே ஒவ்வொருவராகத் திரும்பிக் கரையேறினோம். சாலைக்கு வந்ததும் அந்தப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டார். வேண்டாம் என்றேன். "எனக்கு இந்த மண்ணு பழக்கம்" என்றுவிட்டு ஆடுகளோடு போய்விட்டார். ஓரியூர் வரை அந்தச் செருப்பில்தான் நடந்தேன். திரும்பக் கொடுக்க அடுத்த வாரம் போனபோது அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வழி தவறியது அதற்கு முன்பும் நடந்ததுண்டு. இது அப்படியில்லை. வழி தெரிந்திருந்தது, சொல்லவும் ஆள் இருந்தது. கீழ்ப்படியாமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த நூறு அடிதான் ஞாபகம் வரும். எகிப்திலிருந்து கிளம்பியவர்களைக் கடவுள் பெலிஸ்தியர் நாட்டு வழியே, அது கிட்டத்திலே இருந்தும், நடத்திப் போகவில்லை என்று விடுதலைப்பயணம் 13:17 சொல்கிறது. போரைக் கண்டால் மனம் மாறித் திரும்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சுற்று வழி தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது காப்பாற்றுகிற வழியாகவும் இருக்கும்.

புதியவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தவறிவிட்டோம் என்று தெரிந்த அந்த இடத்திலேயே நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று போகாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்புங்கள். மனந்திரும்புதல் என்பதற்கு எபிரேயத்தில் ஷூப் என்ற சாதாரணச் சொல்தான், திரும்பி வருவது. பின்னால் வந்தவர்களிடம், நான்தான் உங்களை இறக்கிவிட்டேன் என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். எனக்கு அதுதான் சேற்றை விடக் கஷ்டமாக இருந்தது.

நிற்கச் சொன்னால் நில்லுங்கள்

ஓரேபு மலையிலிருந்து வாக்களித்த நாட்டின் எல்லையிலிருந்த காதேசு பர்னேயாவுக்கு 11 நாள் பயணம் என்று இணைச்சட்டத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்த நாட்டுக்குள் போய்ச் சேர இஸ்ராயேல் மக்களுக்கு 40 வருடம் ஆனது. முணுமுணுப்பால் வந்த தாமதம் பாதி. இன்னொரு கணக்கும் உண்டு. எண்ணிக்கை நூல் 9ஆம் அதிகாரத்தில், மேகம் கூடாரத்தின் மேல் தங்கினால் மக்களும் தங்க வேண்டும், எழும்பினால் எழும்ப வேண்டும். இரண்டு நாளோ ஒரு மாதமோ அதற்கு மேலோ, மேகம் எவ்வளவு நாள் நின்றதோ அவ்வளவு நாளும். மூட்டை கட்டி, காலில் செருப்பு மாட்டி, மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நடப்பதை விடச் சிரமம்.

ஒரு வருடம் நான் ஓரியூருக்குப் போகவில்லை. மாமியார் படுக்கையில் இருந்தார். ஒரு நாளைக்கு யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விடலாமே என்று தவித்தேன். விடியற்காலையில் எங்கள் குழு பாடிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போகிறது, நான் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கும் கிணற்றடிக்கும் அன்றைக்கு எத்தனை தடவை நடந்தேனோ. பாட்டுச் சத்தம் தேய்ந்து போன பிறகு அவர், "நீ போகலையாத்தா?" என்றார். "வந்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாமி" என்று என் வாயில் தானாக வந்தது.

விரும்பாத இடத்துக்கு

அருளானந்தரின் நடையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாருங்கள். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, இனி இங்கே வரக்கூடாது என்ற கட்டளையோடு விடப்பட்டவர். பிறகு போர்ச்சுக்கலுக்கு அனுப்பப்பட்டார். சின்ன வயதில் அரண்மனையில் கூட வளர்ந்த இளவரசர் இப்போது அரசர். அங்கேயே இருந்துவிடச் சொன்னார்கள். அவர் கப்பலேறி 1690இல் திரும்பினார், மறுபடி இந்த முள்ளுக்காட்டுக்கு நடந்தார். மறவர் இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று முதல் மனைவியோடு மட்டும் வாழ்வது என்று முடிவெடுத்ததும், விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண் என்பதால் வழக்கு அரண்மனைக்குப் போனது. ராமநாதபுரத்திலிருந்து அருளானந்தரை ஓரியூருக்குக் கொண்டுவந்தார்கள். சாவதற்கு முந்தின நாள், கரியைத் தண்ணீரில் குழைத்து மையாக்கி, துரும்பால் தன் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார்.

யோவான் 21இல் பேதுருவிடம் சொல்லப்பட்டது நினைவுக்கு வரும். இளைஞனாக இருந்தபோது நீயே இடைக்கச்சையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்கெல்லாம் நடந்தாய். முதிர்ந்த பின் வேறொருவர் உன்னைக் கட்டி, விருப்பமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போவார். அதைச் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தை, என்னைப் பின்தொடர். அந்தக் கடைசி நடைக்கு நமக்கு அழைப்பு வருமோ வராதோ. விருப்பமில்லாத இடம் ஒன்று மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது, பெரும்பாலும் அது நம் தெருவிலேயே இருக்கிறது.

கிளம்பும் முன் போக வேண்டிய ஒரு வாசல்

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுதக் கை வரவில்லை.

எனக்கும் என் தங்கச்சிக்கும் அப்பா விட்டுப்போன வீட்டுமனையில் ஒரு வேலித் தகராறு. இரண்டு முழ அகலம். ஏழு வருடம் பேசவில்லை. ஏழு வருடமும் நான் ஓரியூருக்கு நடந்தேன். ஏழு வருடமும் காணிக்கை போட்டேன். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரரிடம் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று மத்தேயு 5இல் இருப்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் நானே நடத்தியிருக்கிறேன். போ என்ற சொல் அதில் இருக்கிறது. அதற்குக் கால் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சேற்றில் இறங்கிய அந்த வருடம்தான். ஓரியூரிலிருந்து பஸ்ஸில் திரும்பி, இரவல் செருப்போடு தெருமுனையில் இறங்கினேன். என் வீட்டுக்கு முந்தின ஆறாவது வீடு அவளுடையது. தினமும் அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடப்பேன். அன்று மாறவில்லை. அவள் வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை காய்ந்த கறுப்புச் சேறு, ஆம்பளைச் செருப்பு.

"எங்க போயி விழுந்த?" என்றாள்.

"தரவைக்குள்ள."

சொம்பில் தண்ணீர் மொண்டு என் காலில் ஊற்றினாள். நான் குனிந்து தேய்த்துக் கழுவினேன். இன்னொரு சொம்பு ஊற்றினாள். வேலியைப் பற்றி அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. நான் என் பக்கத்துக் கல்லை இரண்டு முழம் நகர்த்தி நட்டது அடுத்த மாதம்.

ஆகவே பதிவு செய்ய வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் இதைக் கேட்கிறேன். போகாமல் வைத்திருக்கிற வாசல் ஏதாவது உண்டா? இருந்தால் பிப்ரவரிக்குள் அங்கே ஒரு தடவை போய் நின்றுவிட்டு வாருங்கள். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க வேண்டாம். அந்தப் பக்கம் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். ஆபத்தான ஆள், அடிக்கிற ஆள் என்றால் மட்டும் போகாதீர்கள், சாமியாரிடம் வந்து சொல்லுங்கள்.

குழு வழக்கமாக பிப்ரவரி 3 அதிகாலை 4 மணிக்குக் கோவில் கொடிமரத்தடியில் செபம் சொல்லிக் கிளம்பும். இந்த முறை மூன்றரைக்கே வந்துவிடுங்கள். தங்கச்சிக்கு முழங்கால் வலி, அவள்தான் முன்னால் நடக்கிறாள்.